கண்ணை நடத்தும் நினைவு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் நாட்டுப் பழமொழி. இல்லாத பேயைக் கண்டு நடுங்குபவனை எள்ளி நகையாடவே இதனைப் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். ஆயினும் இச்சிறு தொடரினுள் நுட்பமான செய்தி ஒன்று பொதிந்து கிடக்கிறது. இரவில் ஒரு திண்ணையில் இருவர் உட்கார்ந்திருக்கின்றனர். ஒருவன் தெருவிளக்கையும், விளக்கடியில் விளையாடும் சிறுவரையும் பார்க்கிறான். அரண்டவனோ எதிரே நிற்கும் புளியமரத்தின் அடியிலுள்ள இருளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இருளைப் பேயென்று பிழைபடக் கொள்வது அவன் செய்யும் இரண்டாவது செயல். அதற்கு முன்னரே, காணத்தக்க நூறு பொருள்களுள் இருள் ஒன்றையே அவன் கண் தேடிக் கண்டுவிட்டது. இருவர் கண்களும் பழுதற்றவை. எனினும் ஒருவன் கண்ணை, என்றோ பட்ட அச்சத்தின் நினைவு கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது.

இந்த அழைப்பைப் பற்றி மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்ற வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது உளநூல் வல்லார் தமக்குள் பேசி மகிழும் செய்தி மட்டுமென்று எண்ணிவிட வேண்டாம். வழக்கு மன்றத்தில் ஒருவன் எழுந்து நின்று, "இவனைத்தான் கண்டேன்" என்று விரல் நீட்டுகிறான். அந்த விரலின் நுனியில் மற்றொருவனுடைய வாழ்வு தொங்குகிறது. அவன் கண் அப்போது எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில்தான் விடை தேட வேண்டும்.

காட்சியில் நினைவுக்குப் பங்குண்டு என்பதை நம் நாட்டுத் தத்துவ நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தனர். மங்கிய ஒளியில் கயிறு பாம்பாகத் தோன்றும் உவமையை அறியாதார் இலர். ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையின் முகவுரையில் இத்தகைய மயக்கத்தின் இயல்பை விளக்கும்போது, முன்பு கண்டதன் நினைவையும் அதில் சேர்த்தே பேசுகிறார். மீமாம்சகரான பிரபாகரர், கண் காண்பதையும் மனம் நினைப்பதையும் வேறு பிரித்து அறியாமையே மயக்கம் என்று கொண்டார். பாம்பை ஒருபோதும் அறியாதவனுக்குக் கயிறு கயிறாகவோ கொடியாகவோ தோன்றுமேயன்றிப் பாம்பாகத் தோன்ற வழியில்லை. இனி நம் தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இந்நான்கையும் சற்று நினைவில் இருத்துங்கள். அணங்கு ஒன்று நீங்கலாக மற்ற மூன்றும் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைவதைப் பின்னர்க் காண்போம்.

சிந்தனை இவ்வளவு கூர்மையாக இருந்தும், கண் எங்கே செல்கிறது என்பதை அளந்து காட்ட அக்காலத்தில் கருவி இல்லை. அளவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கிற்று.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓர் இருட்டுப் பெட்டியைச் செய்தார். அதன் உட்புறத்தில் எழுத்துகள் பரவலாக எழுதப்பட்டிருந்தன. நடுவே ஓர் ஊசித்துளை. துளையின் வழியே வரும் சிறு ஒளிப்புள்ளியை விட்டுக் கண்ணைச் சிறிதும் அகற்றாமல், "இப்போது இடப்பக்கத்து மூலையைக் கவனிப்பேன்" என்று மனத்துள் உறுதி செய்துகொள்வார். பிறகு ஒரு மின்பொறி பளிச்சிட்டு மறையும். அந்தக் கணத்தில் கண் அசைய நேரமில்லை. ஆயினும் மனம் எந்த மூலையை நாடியிருந்ததோ அந்த மூலையின் எழுத்துகளே அவருக்குப் புலப்பட்டன. மற்றவை கண்முன் ஒளிர்ந்தும் கருத்தில் பதியவில்லை. கண் நோக்குவது வேறு, கருத்து நோக்குவது வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. ஒரு பெட்டியும் ஒரு பொறியும் கொண்டு இவ்வளவு பெரிய உண்மையைக் காட்டியவரை எண்ணும்போது எனக்கு வியப்பு மேலிடுகிறது.

பாரிஸ் நகரில் 1870-களின் இறுதியில், ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. நூலைப் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. தத்துக்கிளியைப் போலத் தாவுகிறது, தங்குகிறது, மறுபடியும் தாவுகிறது. பிறர் கண்ணின் போக்கை ஆராய்ந்த இப்பெருமகனார் கண்ணழுத்த நோயால் 1900-ஆம் ஆண்டளவில் தம் பார்வையை முற்றும் இழந்தார். அதன் பின்னரும் சோர்ந்துவிடாமல் பார்வையற்றோர் வாழ்க்கை பற்றி நூல் எழுதினார்.

தாவும் கண் எங்கெங்கே தங்குகிறது? இதனைப் படங்களின் வாயிலாக விரிவாக ஆராய்ந்தவர் சிகாகோவைச் சேர்ந்த பஸ்வெல். சுமார் 200 பேருக்குப் படங்களைக் காட்டி, கருவிழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படச்சுருளில் பதிவு செய்து, 1935-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அதே நகரத்தின் டிரிபியூன் கோபுரத்தின் படத்தை முதலில் விருப்பம்போல் பார்க்கச் சொன்னபோது கண் ஒரு வழியில் சென்றது. சாளரம் எதிலேனும் ஆள் தெரிகிறானா என்று தேடச் சொன்னபோது அதே கண் அதே படத்தில் வேறு வழியில் சென்றது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் ருஷ்ய நாட்டு அறிஞர் யார்பஸ் செய்த சோதனை இதனினும் புகழ் பெற்றது. அவர் 1965-இல் வெளியிட்ட நூல் ஈராண்டுகளில் ஆங்கிலத்திலும் வந்தது. விழியின்மேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சிறு தொப்பியில் நுண்ணிய கண்ணாடித் துண்டைப் பதித்து, அதிலிருந்து திரும்பும் ஒளியால் கண்ணின் பாதையைக் கோடாக வரையச் செய்தார். பார்க்கத் தந்த படமோ ரேப்பின் என்ற ஓவியர் 1880-களில் தீட்டியது. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவன் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைகிறான். முதியவள் ஒருத்தி நாற்காலியை விட்டு எழுகிறாள். பியானோவின் அருகிலிருப்பவள் திரும்பிப் பார்க்கிறாள். மேசையருகே இரு குழந்தைகள். எல்லார் முகத்திலும் ஐயமும் மகிழ்ச்சியும் கலந்து நிற்கின்றன. இவர்களுடைய வயதென்ன என்று கேட்டால் பார்ப்பவரின் கண் முகங்களையே சுற்றி வந்தது. குடும்பத்தின் செல்வநிலை என்ன என்று கேட்டால் ஆடைகளுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் தாவிற்று. வந்தவன் எவ்வளவு காலம் பிரிந்திருந்தான் என்று கேட்டபோதோ, அவன் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே ஊடும் பாவும்போல் ஓடிக்கொண்டே இருந்தது. பிரிவின் நீளத்தைச் சுவரிலோ விரிப்பிலோ காண முடியாதென்பதை அந்தக் கண் அறிந்திருந்தது. கல்வி நிலையங்களில் இந்தச் சோதனையைக் கேள்வி கண்ணை நடத்துகிறது என்பதற்குச் சான்றாகக் காட்டுவர். பார்ப்பவன் தானும் ஒருநாள் யாருக்கேனும் காத்திருந்தவன் என்பதையும் உடன் நினைத்தால்தான் அந்தக் கோடுகளின் பொருள் நிறைவுறும் என்பது என் கருத்து.

கேள்வியைப் பிறர் கேட்டால் கண் அதற்கேற்ப நடக்கிறது. யாரும் கேளாத கேள்வியை நெஞ்சமே எழுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மஞ்சட் சட்டை அணிந்த பிள்ளையைத் தவறவிட்ட தாயை எண்ணிப் பாருங்கள். பிள்ளை கிடைத்து வீடு திரும்பிய பின்னரும், பல நாள் வரை, கடைத்தெருவில் தெரியும் ஒவ்வொரு மஞ்சள் நிறமும் அவள் கண்ணை ஒருகணம் இழுக்கும். தேடல் முடிந்துவிட்டது, கண் மட்டும் தேடிக்கொண்டே இருக்கிறது. இதனை ஆராயப் படங்களும் கருவிகளும் போதா. உணர்ச்சி எங்கே நினைவாகத் தங்குகிறது என்று அறிய வேண்டும். அந்த வழியைத் திறந்தவர்கள் மருத்துவர்கள்.

ஜெனீவா நகரத்து மருத்துவர் கிளாப்பரேடு 1911-இல் எழுதிவைத்த செய்தி ஒன்று உண்டு. அவருடைய பராமரிப்பில் 47 வயதுப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். பழைய நாள்களில் கற்றதெல்லாம் அவள் நினைவில் இருந்தன; புதியது எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. நாள்தோறும் காணும் மருத்துவரையே நாள்தோறும் புதியவராகக் கருதினாள். ஒருநாள் கிளாப்பரேடு தம் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். ஊசி குத்திற்று, சிறிது நேரத்தில் அவள் அதை மறந்தாள். மறுமுறை அவர் கை நீட்டியபோது அவள் சட்டெனத் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, சிலர் கையில் ஊசி மறைந்திருப்பது உண்டன்றோ என்னும் பொருள்படப் பேசினாள். இன்று இத்தகைய சோதனையை எந்த மருத்துவமனையும் அனுமதியாது, அனுமதியாதிருப்பதே முறை. ஆயினும் நிகழ்ச்சியை மறந்த மனத்திலும் வலியின் நினைவு உயிரோடிருக்கும் என்பதை அந்த ஊசி காட்டிவிட்டது.

நிகழ்ச்சியின் நினைவும் உணர்ச்சியின் நினைவும் இருவேறு இடங்களில் தங்குகின்றனவா? சிகாகோவில் குளூவர், பூசி என்ற இருவர் 1930-களின் இறுதியில் குரங்குகளின் மூளையில் இருபுறப் பக்கப்பகுதிகளை அகற்றிப் பார்த்தனர். அக்குரங்குகளின் பார்வை கெடவில்லை. ஆனால் பாம்பைக் கண்டு அலறியடித்து ஓடவேண்டிய அவை, அதனைக் கையில் எடுத்து ஆராய முற்பட்டன. இச்செய்தியை எடுத்துரைப்போர் பலரும் அச்சம் அற்றுப்போனது என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். அந்த ஆய்வாளர் குறித்து வைத்த மற்றொன்றே நம் பொருளுக்கு உயிரானது. அக்குரங்குகள் கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளையும் விடாமல் நாடின. ஒன்றை எடுத்து வாயில் வைத்துப் பார்த்து, கீழே போட்டு, மறுபடியும் புதிதுபோல் அதையே எடுத்தன. அஞ்சத்தக்கதும் விரும்பத்தக்கதும் பயனற்றதும் அவற்றுக்கு ஒன்றாகிவிட்டன. உணர்ச்சியை நீக்கினால் கண் தெளிவுபெறும் என்று நாம் எண்ணுவோம். அங்கே கண் தலைவனை இழந்த படையாயிற்று. இது முக்கியம், அது முக்கியமன்று என்று கண்ணுக்கு எடுத்துச் சொல்வது பட்டறிந்த உணர்ச்சியே.

வைஸ்கிரான்ட்ஸ் என்பார் 1956-இல் இந்த ஆராய்ச்சியைக் குறுக்கி, வாதுமைப் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்னும் சிறு பகுதிக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாதுமை என்றே பொருள். அதன் பின் அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில், 1995-இல் வெளிவந்த ஆய்வொன்று கிளாப்பரேடின் ஊசிக்கு விளக்கம் தந்தது. குறிப்பிட்ட நிறம் ஒன்றைக் காட்டிய பின் செவியைத் துளைக்கும் ஊதல் ஒலி எழுப்பப்பட்டது. அமிக்டலா இருபுறமும் பழுதுற்றவர் எந்த நிறத்தின் பின் ஒலி வந்ததென்று சரியாகச் சொன்னார். ஆனால் அந்நிறத்தைக் கண்டபோது அவர் உடலில் அச்சத்தின் அறிகுறியே இல்லை. நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பழுதுற்றவருக்கோ உடல் அஞ்சிற்று. எதற்கு அஞ்சினோம் என்பது வாயில் வரவில்லை.

அமிக்டலா அழிந்த அதே பெண்மணியைப் பற்றி 2005-இல் வெளியான ஆய்வு, கதையைக் கண்ணுக்கே திருப்பிக் கொண்டுவருகிறது. பிறர் முகத்தில் அச்சம் தோன்றினால் அவளால் அதை அறிந்துகொள்ள இயலாது. காரணத்தைத் தேடிய அடால்ஃப்ஸ் குழுவினர் அவள் பார்வையின் பாதையைப் பதிவு செய்தபோது, அவள் முகங்களில் கண்களையே நோக்குவதில்லை என்று தெரிந்தது. கண்களைப் பார் என்று சொன்னவுடன் பார்த்தாள். அச்சத்தையும் அடையாளம் கண்டாள். ஆனால் ஒருமுறை சொன்னது போதவில்லை. ஒவ்வொரு முறையும் பிறர் சொல்ல வேண்டியிருந்தது. நம்முள் வாய் திறவாமல் நாள் முழுதும் வழிசொல்லிக்கொண்டிருக்கும் துணைவன் அவளுக்கு இல்லை.

அந்தத் துணைவன் மிகுதியாகப் பேசுவதும் உண்டு. சொற்களை வெவ்வேறு நிற மையில் எழுதி, சொல்லின் பொருளை விட்டு நிறத்தை மட்டும் கூறச் செய்யும் சோதனையை ஸ்ட்ரூப் என்பவர் 1935-இல் வெளியிட்டார். (அவர் பிறகு உளநூலை ஒருபுறம் வைத்துவிட்டு விவிலியம் கற்பிப்பதில் ஈடுபட்டார்; அவர் பெயர் வாழ்வதோ இந்தச் சோதனையால்தான்.) வியத்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரரிடம் இதே முறையைக் கையாண்டு மெக்னாலி முதலியோர் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். போரின் கொடுமையால் மனநோயுற்ற வீரர்கள், அந்தப் போரோடு தொடர்புடைய சொற்களுக்கு நிறம் சொல்லத் தடுமாறித் தாமதித்தனர். அதே போரில் ஈடுபட்டு, அந்நோய்க்கு ஆளாகாதவரிடம் அத்தடுமாற்றம் காணப்படவில்லை. போர் முடிந்து பதினைந்தாண்டு கழிந்த பின்னும், தாளில் அச்சான ஒரு சொல் அவர்கள் கண்ணைப் பிடித்து நிறுத்தியது.

இனித் தேடலுக்கு வருவோம். ஒன்பது முகங்கள் கொண்ட கூட்டத்தில் வேறுபட்ட முகத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை ஹான்சன் தம்பதியர் 1988-இல் வெளியிட்டனர். மகிழ்ந்த முகங்களின் நடுவே சினந்த முகம் விரைவில் அகப்படுகிறது என்பது அவர்கள் முடிவு. சினந்த இறை, தொல்காப்பியர் சொன்ன களமன்றோ! உளநூல் உலகம் இதனைக் கைகொட்டி வரவேற்றது. ஆனால் 1996-இல் பர்செல் முதலியோர் அந்தப் படங்களை மீண்டும் ஆராய்ந்தனர். கறுப்பு வெள்ளையாக மாற்றியபோது சினந்த முகத்தில் கரும்புள்ளி ஒன்று விழுந்திருந்தது. கண்டவர் கண்ணை ஈர்த்தது அந்தப் புள்ளி. புள்ளி இல்லாத படங்களை வைத்துச் சோதித்தபோது பழைய முடிவு நிற்கவில்லை. இத்தகைய திருத்தங்களைச் சொல்லாமல் விடும் அறிவியல் வரலாறு பாதி வரலாறே.

ஆகவே பின்வந்தோர் எச்சரிக்கையோடு நடந்தனர். ஸ்வீடன் நாட்டு ஏமான் குழுவினர் 2001-இல், பூக்களும் காளான்களும் நிறைந்த படங்களின் நடுவே ஒரு பாம்பையோ சிலந்தியையோ வைத்துத் தேடச் செய்தனர். அவற்றைப் பொதுவாக எல்லாரும் விரைந்து கண்டனர். பாம்புக்கு அஞ்சுவோர் பாம்பையும், சிலந்திக்கு அஞ்சுவோர் சிலந்தியையும் இன்னும் விரைந்து கண்டனர். பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பர். படைக்குள்ளும் முன்பு நடுங்கியவனே அதை முதலில் காண்கிறான்.

பாம்பச்சம் பிறவியிலேயே வருவதாயிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. அந்த ஐயத்துக்கு இடமின்றி, பொருளற்ற நிறங்களுக்கே நினைவைப் புதிதாக ஊட்டிப் பார்த்தவர் பால்டிமோர் நகரத்து ஆண்டர்சன் முதலியோர். வண்ண வட்டங்களுள் சிவப்பையோ பச்சையையோ தேடிக் கண்டவருக்குச் சில சென்ட் காசு பரிசாகத் தந்தனர். ஒரு நிறத்துக்குக் கூடுதல், மற்றதற்குக் குறைவு. பிறகு பரிசை நிறுத்திவிட்டு, நிறத்தைப் பொருட்படுத்தாமல் வடிவத்தை மட்டும் தேடச் சொன்னார்கள். பழைய பரிசு நிறம் எங்கேனும் ஒரு மூலையில் வந்தால் போதும், தேடுவோரின் கவனம் அங்கே சிதறிற்று. இது 2011-இல் வெளியானது. ஆம்ஸ்டர்டாமில் 2015-இல் வெளியான ஆய்வில் காசுக்குப் பதிலாக மின்னதிர்ச்சியோடு நிறம் இணைக்கப்பட்டது, விளைவு அதுவே. பரிசோ வலியோ, இரண்டும் கண்ணுக்கு ஒரே பாடத்தைக் கற்பித்தன. தேர்த் திருவிழாத் தாயின் மஞ்சள் நிறம் இவ்வாறு ஆய்வுக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தது.

கள்வன் மட்டும் எஞ்சியிருக்கிறான். அவன் வழக்கு மன்றத்தின் வழியாக வந்தான். ஹார்வர்டில் ஆசிரியராயிருந்த ஜெர்மானியர் மியூன்ஸ்டர்பெர்க் 1908-இல் சாட்சிகளின் நம்பகம் பற்றி ஒரு நூல் எழுதினார். தம் வீட்டில் திருட்டு நடந்தபோது, நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற தாமே ஆணையிட்டுத் தந்த சாட்சியத்தில் பிழைகள் மலிந்திருந்தன என்பதை அதில் மறையாமல் கூறினார். உளநூலுக்கு மன்றத்தில் இடம் வேண்டும் என்பது அவர் வாதம். சட்ட அறிஞர் விக்மோர் மறு ஆண்டே அவரை நையாண்டி செய்து ஒரு கற்பனை வழக்கை எழுதினார். அதில் வழக்கறிஞர்கள் உளநூல் பேராசிரியர்மீது அவதூறு வழக்குத் தொடுக்கின்றனர். சான்றுகள் எங்கே என்று குறுக்குக் கேள்வி எழுகிறது. இறுதியில் அவர் ஒரு டாலர் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பாகிறது. நையாண்டி கூர்மையானது. சான்று போதாது என்ற அளவில் நேர்மையானதும்கூட.

அந்தச் சான்று சேர எண்பதாண்டு சென்றது. உணர்ச்சி பொங்கும்போது கவனத்தின் வட்டம் சுருங்குகிறது என்று 1959-இல் ஈஸ்டர்புரூக் என்பார் எழுதினார். லாஃப்டஸ் முதலியோர் 1987-இல் அதைக் கண்ணின் பாதையாலேயே காட்டினர். உணவு விடுதி ஒன்றில் ஒருவன் பணப்பெட்டியருகே வருகிறான். அங்கிருப்பவள் பணத்தை எடுத்துத் தருகிறாள். படத்தொகுதி ஒன்றில் அவன் கையில் காசோலை; மற்றொன்றில் துப்பாக்கி. மற்ற யாவும் ஒன்றே. துப்பாக்கியைக் கண்டவர்களின் கண் அதன்மேல் அடிக்கடி சென்றது, நெடுநேரம் தங்கியது. பிறகு கேட்டபோது மற்றச் செய்திகளை அவர்கள் நன்கு நினைவுகூரவில்லை. கத்தியும் துப்பாக்கியும் என்ன செய்யும் என்ற நினைவு கண்ணைப் பற்றி இழுக்க, கள்வனின் முகம் கைநழுவிப் போயிற்று.

இங்கும் ஒரு மறுப்பு எழுந்தது. பிக்கெல் என்ற பெண்மணி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், முடி திருத்தும் நிலையத்துக்குள் நுழைபவன் கையில் துப்பாக்கியும் கத்தரிக்கோலும் பணப்பையும் மாறிமாறி இருந்தன. ஒருமுறை உரித்த பச்சைக் கோழியும் இருந்தது. அச்சந்தராத அந்தக் கோழியும், துப்பாக்கியைப் போலவே, ஆளைப் பற்றிய நினைவைக் குறைத்தது. ஆகவே அச்சமா, இடத்துக்கு ஒவ்வாத புதுமையா என்ற வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். படத்தில் காணும் துப்பாக்கி நம்மை நோக்கி நீட்டப்பட்டதன்று என்பதையும் மறந்துவிடலாகாது. எது காரணமாயினும் சாட்சிக் கூண்டில் நிற்பவனுக்கு நேர்வது ஒன்றே: அவன் கண் கையைக் கண்டது, முகத்தைக் காணவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. கண்ட முகத்தைப் பற்றியே பேசுவதாக உள்ளன்போடு நம்புகிறான்.

அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு கொலை வழக்கை முன்னிட்டு இந்த ஆய்வுகள் அனைத்தையும் வரவழைத்து ஆராய்ந்தது. அடையாளம் காட்டும் சாட்சியத்தை எடைபோடும் பழைய முறை போதாதெனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 2012 செப்டம்பரில், ஜூரர்களுக்கு நீதிபதி கூறவேண்டிய புதிய அறிவுரை நடைமுறைக்கு வந்தது. குற்றம் நிகழ்ந்தபோது ஆயுதம் கண்ணில் பட்டதா, நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது என்று எண்ணிப் பார்க்குமாறு அது அவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆயுதம் சாட்சியின் கவனத்தை முகத்திலிருந்து விலக்கக்கூடும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. விக்மோரின் நையாண்டி வெளிவந்து 103 ஆண்டுகள் ஆகியிருந்தன.